இசைச்சுவை வளர்த்த அம்மையார்: வீணை தனம்மாள்

இசையைக் கேட்பதற்குச் செவி போதும். அதன் தரமறிந்து துய்ப்பதற்கோ பழகிய செவி வேண்டும். அப்பழக்கம் எவர்க்கும் பிறவியிலேயே அமைவதன்று. இளமையில் எவரெவர் பாட்டைக் கேட்டோம், எவர் வாசிப்பை மீண்டும் மீண்டும் நாடிச் சென்றோம் என்பதைப் பொறுத்தே நம் சுவை உருப்பெறுகின்றது. தாய் சமைத்த உணவின் சுவை நாவிற் படிந்து, பின்னர் உண்பனவற்றிற்கெல்லாம் அளவுகோலாதல் போல, முதலிற் கேட்ட நல்லிசை செவியிற் படிந்து, பின்னர்க் கேட்பனவற்றிற்கெல்லாம் அளவுகோலாகின்றது. ஆதலின் ஒரு நாட்டாரின் இசைச்சுவை எத்தகையது என அறிய விரும்புவோர், அவர் எவர் இசையைக் கேட்டு வளர்ந்தனர் என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சென்னை மாநகரில் வாழ்ந்த இசைவாணர்க்கும் இசையறிந்த செல்வர்க்கும் அத்தகைய அளவுகோலாய் அமைந்தவர் ஒரு பெண்மணி. அவர் பெரும் பந்தல்களில் ஏறி ஆரவாரமாக வாசித்தவரல்லர், பட்டங்களை நாடியவரல்லர். சிறியதோர் அறையில், விளக்கொளியில், சிலர் மட்டுமே கூடியிருக்க, தாழ்ந்த ஒலியில் வீணை மீட்டியவர். எனினும் பெரும் பாடகர் பலர் அவ்வறைக்குச் சென்று அமர்ந்து கேட்டுத் தம் இசையைத் திருத்திக்கொண்டனர். அவரே வீணை தனம்மாள். நம் குலத்திற் பிறந்த அவ்வம்மையாரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும், சிறப்பாக இளம் பெண்மக்களும், அறிந்திருத்தல் இன்றியமையாதது எனக் கருதி இதனை எழுதலானேன்.

பிறந்த குடி

தனம்மாள் 1867-ஆம் ஆண்டிற் சென்னையிற் பிறந்தார். அவர்தம் முன்னோர் தஞ்சையைச் சார்ந்தவர். பாட்டியின் தாயாராகிய பாப்பம்மாள் தஞ்சை மராட்டிய மன்னர் அவையில் ஆடல் பாடல்களில் விளங்கியவர். பாட்டியார் காமாட்சியம்மாள் ஆடலிலும் இசையிலும் வல்லவர். தாயார் சுந்தரம்மாள் பாட்டில் வல்லவர். இசை மும்மூர்த்திகளுள் ஒருவராகிய சியாமா சாஸ்திரியாரின் புதல்வர் சுப்பராய சாஸ்திரியாரிடம் இக்குடும்பத்துப் பெண்டிர் பாடம் பயின்றனர். ஆகவே தனம்மாள் தொட்டிலிற் கேட்ட தாலாட்டே சாஸ்திரியார் மரபின் இசை எனல் தகும்.

தஞ்சை அரசின் நிலையை ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். 1855-ஆம் ஆண்டில் மராட்டிய மன்னர் சிவாஜி ஆண்மக்கட்பேறின்றி மறைந்தபின், அந்நாடு கும்பினியார் கைப்பட்டது. அரசவையின் ஆதரவு தளர்ந்த அக்காலப் பகுதியில் ஆடுவாரும் பாடுவாரும் கருவி மீட்டுவாரும் புகலிடம் தேடிப் பல்வேறு ஊர்களுக்குச் சென்றனர். அவருட் பலர்க்கு அடைக்கலம் தந்தது சென்னை. வணிகத்தாற் செழித்த செட்டிமாரும் முதலிமாரும் பிறரும் தம் இல்லங்களிற் கச்சேரிகளை நடத்தி வித்துவான்களைப் போற்றினர். அந்நாளிற் கறுப்பர் பட்டணம் என வழங்கிப் பின்னர் 1911-ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாறிய பகுதியே அவ்வாதரவின் நடுவிடமாக விளங்கியது. காமாட்சியம்மாளின் குடும்பம் அங்கே வேரூன்றியது. தனம்மாளின் வாழ்வும் அங்கேயே கழிந்தது.

கல்வி

அம்மையாரின் கல்வி பள்ளிக்கூடத்திற் பெற்ற கல்வியன்று. பாட்டியும் தாயும் முதலாசிரியர். உடன் பிறந்தாரும் இசை பயின்றனர். வீட்டில் விடியுமுன்னரே பாடம் தொடங்கும். வருகின்ற வித்துவான்களின் பாட்டைக் கேட்பதும் பாடமே. இம்முறையின் சிறப்பு யாதெனின், குழந்தை பாட்டைக் கற்பதற்கு முன்னரே அதன் நடையைக் கற்றுவிடும் என்பது. மொழியைத் தாய்மடியிற் கற்பவர் இலக்கணம் அறியாமலே பிழையின்றிப் பேசுதல் போன்றது இது.

பின்னர் அவர் பெரியோர் பலரிடம் தனித்தனியே பாடம் கேட்டார். சாத்தனூர்ப் பஞ்சநதையரிடம் முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனங்களைக் கற்றார். அப்பஞ்சநதையர், தீட்சிதரின் நேர் மாணவரும் திருவாரூர்க் கோயிலில் முழவு வாசித்தவருமான சுத்தமத்தளம் தம்பியப்பரின் வழியில் வந்தவர் என்பர். தியாகராச சுவாமிகளின் மாணவராகிய வீணை குப்பையரின் புதல்வர் திருவொற்றியூர்த் தியாகையரிடமும் அம்மையார் பாடம் பெற்றார். சியாமா சாஸ்திரியார் மரபோ பாட்டியும் தாயும் வைத்த குடும்பச் சொத்து. இங்ஙனம் மும்மூர்த்திகளின் மூன்று மரபுகளும் ஒரு பெண்ணின் செவியில் வந்து கலந்தன. காவிரியின் கிளைகள் பலவும் ஒரே வயலிற் பாய்ந்தாற் போன்ற பேறு இது.

இவையேயன்றி, வாலாஜாப்பேட்டைப் பாலகிருஷ்ணதாசர் என்னும் பார்வையற்ற பாடகரிடம் கேஷத்திரக்ஞரின் பதங்களை அவர் கற்றார். பதம் பாடுவதில் தமக்கு நிகரில்லை எனப் பெயர் பெற்றமையால் அத்தாசரைப் பதம் பாலதாசர் என்றே உலகம் அழைத்தது. ஜாவளிகள் இயற்றுவதில் வல்லவரான தருமபுரி சுப்பராயர் அம்மையாரின் இல்லத்துக்கு நெருங்கிய நண்பர். அவர் இயற்றிய ஜாவளிகளை அவரிடமே நேரிற் கேட்டுப் பாடம் செய்யும் வாய்ப்பு அம்மையார்க்குக் கிட்டிற்று. ஒரு பாட்டை இயற்றியவர் வாயாலேயே கேட்டவர்க்கு அதன் உயிர்நிலை எங்குள்ளது என்பது தெரியும். ஏட்டைப் பார்த்துப் பாடுவோர்க்கு அது தெரியாது.

வீணை வாசிக்கும் முறை

வீணையாவது பலாமரத்தாற் குடமும் தண்டியும் அமைத்து, தண்டியின்மேல் மெழுகிட்டு 24 மெட்டுகளைப் பதித்து, வாசிப்பதற்கு 4 தந்திகளும் தாளத்துக்கு 3 தந்திகளும் கட்டிய கருவி. வலக்கை விரல் தந்தியை மீட்ட, இடக்கை விரல் அதனை மெட்டின்மேல் அழுத்தியும் பக்கவாட்டில் இழுத்தும் கமகங்களை எழுப்பும். ஒருமுறை மீட்டியபின் ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். அது மறைவதற்குள் எத்துணைச் சுரங்களை உயிரோடு காட்டலாம் என்பதிலேதான் வைணிகரின் திறம் அடங்கியுள்ளது. அடிக்கடி மீட்டுவோர்க்கு ஒலி பெருகும். ஆயின் பாட்டின் தொடர்ச்சி துண்டு துண்டாகும். அளவாக மீட்டி, எழுந்த ஒலியை இடக்கையால் வளைத்து வளைத்து நீட்டுவோரிடத்திலே வீணை மனிதர் குரல்போற் பாடும்.

தனம்மாள் இவ்விரண்டாவது முறையின் எல்லையைக் கண்டவர். வலக்கை விரல்களிற் கம்பிக் கவசம் அணிந்து மீட்டுவது பலர் வழக்கம். அம்மையார் அதனை அணியாது வெறும் விரலாலேயே மீட்டினார். அதனால் ஓசை தாழ்ந்தும் மென்மையாகவும் எழும். மிருதங்கம் முதலிய பக்கவாத்தியங்களையும் அவர் வேண்டினாரல்லர். வீணையொலியோடு தம் மெல்லிய குரலையும் இழைத்துப் பாடுவார். எது தந்தியின் ஒலி, எது தொண்டையின் ஒலி எனப் பிரித்தறிதல் அரிதாம் வண்ணம் இரண்டும் ஒன்றியிருக்கும் என்று கேட்டோர் கூறினர். அவ்வொலியைக் கேட்கவேண்டுமாயின் கேட்போர் மூச்சையும் அடக்கி அமர்தல் வேண்டும். இசை கேட்போரை நோக்கி ஓடி வராமல், கேட்போர் இசையை நோக்கிச் செல்லும்படி செய்த முறை இது. செவியைப் பழக்குவதற்கு இதனினும் சிறந்த வழி வேறொன்று உண்டோ?

அவர் இராகத்தை விரிக்கும் முறையும் தனியானது. நாழிகைக் கணக்கில் ஆலாபனம் செய்து கேட்போரைத் திகைக்கவைத்தல் அவர் நோக்கமன்று. சில பிடிகளிலேயே இராகத்தின் முழு உருவத்தையும் காட்டி நிறுத்துவார். தேர்ந்த ஓவியன் நான்கு கோடுகளில் ஒருவர் முகத்தை வரைந்து காட்டுதல் போன்றது அது. வேகத்தாலும் கணக்காலும் வியப்பூட்டும் வழக்கம் மேடைகளிற் பெருகிவந்த காலத்தில், சுருங்கச் சொல்லி விளங்கவைக்கும் அழகை இசையிற் காட்டியவர் இவ்வம்மையார்.

வெள்ளிக்கிழமை மாலை

வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அம்மையார் தம் இல்லத்தில் வீணை வாசிப்பார். அதற்கு நுழைவுச் சீட்டில்லை, அழைப்பிதழில்லை. இசையறிந்தவர் என்னும் தகுதியே சீட்டு. நறுமணத்தில் அம்மையார்க்கு விருப்பம் மிகுதி. பூவின் மணமும் ஊதுவத்தியின் மணமும் கமழும் அவ்வறையில், வந்தவர்கள் பேச்சொழிந்து அமர்ந்திருப்பர். இடையிற் பேசுவோரையும் அசைவோரையும் அம்மையார் பொறார். செல்வரென்றும் பதவியாளரென்றும் வேற்றுமை பாராட்டப்படாத இடம் அது. கேட்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்னும் வேற்றுமை ஒன்றே அங்கு உண்டு.

அங்கு வந்து கேட்டோரிற் புகழ்பெற்ற வித்துவான்கள் பலர். டைகர் வரதாசாரியார் போன்ற பேரறிஞர் அவரைத் தலைமேற் கொண்டு போற்றினர். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான கீர்த்தனங்களைச் சுரப்படுத்தி நூல்களாக வெளியிட்ட ரா. ரங்கராமானுஜ ஐயங்கார், அம்மையாரிடம் வீணை பயின்று அவர் வாசிப்பையே தமக்கு வழிகாட்டியாகக் கொண்டவர். ஒரு வித்துவான் பிறர் கைதட்டலாற் பெறும் புகழ் ஒருவகை. வித்துவான்களே வந்து கேட்டுத் தம் இசைக்கு அளவுகோலாகக் கொள்ளும் புகழ் மற்றொரு வகை. பின்னதே அம்மையார் பெற்ற புகழ்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அக்காலத்திற் சபைகள் பெருகத் தொடங்கின. 1928-ஆம் ஆண்டிற் சென்னைச் சங்கீத வித்துவ சபை தோன்றியது. மண்டபங்கள் பெரியவாயின; கேட்போர் தொகை பெருகியது; ஒலிபெருக்கியும் வந்து சேர்ந்தது. இவை இசையைப் பலர்க்கும் உரியதாக்கின என்பதில் ஐயமில்லை. ஆயினும் பலர் கேட்கும் இசைக்கு அடிப்படையான சுவை, சிலர் கேட்கும் அறையிலேயே வளர்க்கப்பட்டது. விதைநெல்லைப் பேணுவோன் ஒரு சிறு குதிரிலே பேணுகின்றான்; ஊரெல்லாம் விளைவது அதிலிருந்தே. அம்மையாரின் வெள்ளிக்கிழமை அறை அவ்வாறானதொரு விதைநெற்குதிர்.

பதங்களும் அகப்பொருளும்

அம்மையார் பேணிக்காத்த செல்வங்களுள் தலையாயவை பதங்கள். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேஷத்திரக்ஞர், தஞ்சை விசயராகவ நாயக்கர் முதலிய மன்னர்களின் அவைகளில் விளங்கித் தெலுங்கிற் பதங்களைப் பாடியவர். தமிழிலும் கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன் கோயில் சுப்பராமையர் முதலியோர் பதங்களைப் பாடியுள்ளனர். இவ்விருவகைப் பதங்களும் தனம்மாளின் குடும்பத்திற் பாடமாக இருந்தன.

பதமாவது தலைவி தன் காதலைத் தோழியிடமோ தலைவனிடமோ எடுத்துரைப்பதாக அமைந்த பாட்டு. ஊடலும் ஏக்கமும் ஏமாற்றமும் ஏளனமும் அதில் வெளிப்படும். இத்தகைய பாட்டுகள் கண்ணியக் குறைவானவை எனக் கருதி முகஞ்சுளித்தோர் அக்காலத்தில் உண்டு, இக்காலத்தும் உண்டு. தமிழ் கற்றவர் அங்ஙனம் கருதுதல் பொருந்தாது. தொல்காப்பியனார் களவியலிலும் கற்பியலிலும் வகுத்த தலைவி கூற்றும் தோழி கூற்றும் யாவை? பரத்தையிற் பிரிந்த தலைவனை வாயில் மறுக்கும் மருதத்திணைத் தலைவியின் சொல் யாது? கேஷத்திரக்ஞரின் தலைவி பேசுவதும் அத்தகைய சொல்லே. அகப்பாட்டைப் போற்றுவோர் பதத்தை இகழ்தல், கரும்பை விரும்பிச் சர்க்கரையை வெறுத்தல் போலாகும்.

இசைவகையாலும் பதத்தின் பெருமை பெரிது. பதம் சவுக்க காலத்தில், அதாவது மிகத் தாழ்ந்த நடையில், அமைந்தது. ஆனந்தபைரவி, சகானா, பேகடை, முகாரி, சுருட்டி முதலிய இராகங்கள் ஏறுநிரல் இறங்குநிரல்களை அறிந்த அளவாற் கைவருவன அல்ல. அவற்றின் உயிர் தனிப்பட்ட பிடிகளிலும் குழைவுகளிலும் உள்ளது. அப்பிடிகளையெல்லாம் சிதையாமற் காத்துவைத்த பேழையே பதம். ஆகவேதான் ஓரிராகத்தின் உண்மையுருவை அறிய விரும்பிய வித்துவான்கள் தனம்மாளின் பதங்களை நாடினர். அவர் அவற்றை யார்க்கும் எளிதிற் கொடுத்தாரல்லர். சொல்லின் பொருளுணர்ந்து, நடையின் பொறுமையுணர்ந்து பாடத் தக்கவர்க்கே அவை உரியன என்பது அவர் கொள்கை.

இல்வாழ்வும் முதுமையும்

அம்மையார்க்குப் புதல்வியர் நால்வர்: இராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி. நால்வரும் பாடகியர். முன்னிருவர் ஓரிணையாகவும் பின்னிருவர் ஓரிணையாகவும் கச்சேரிகள் செய்தனர். பேரன் பேத்தியர் பெருகினர். வீடு முழுதும் இசையாயினும், பொருள் நிலைக்கவில்லை. ஈட்டியதைச் சேர்த்துவைக்கும் இயல்பு அம்மையாரிடம் இல்லை. கலைவாணரைப் பேணி வாழ்ந்த செல்வர்களும் காலப்போக்கில் அருகினர். முதுமையிற் கண்பார்வையும் மங்கிற்று. வறுமையும் பார்வைக் குறைவும் ஒருங்கு வந்துற்ற காலத்தும் அவர் தம் இசையைச் சந்தைக்கேற்ப மாற்றிக்கொள்ளவில்லை. ஓசையைக் கூட்டுக, வேகத்தை ஏற்றுக என்னும் காலத்தின் வேண்டுகோளுக்கு அவர் செவிசாய்த்திருப்பின் பொருள் வந்திருக்கலாம்; நமக்கு இன்று அவரைப் பற்றிப் பேசுதற்கு ஒன்றும் இருந்திராது.

1930-களில் அவர் வாசிப்பிற் சில இசைத்தட்டுகளிற் பதிவு செய்யப்பட்டன. ஒரு தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். ஆழ்ந்து நெடிது செல்லும் இசையை அச்சிறு எல்லைக்குள் அடக்குதல் எளிதன்று. பதிவு செய்தபோது அம்மையார்க்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. தட்டின் கரகரப்பும் மிகுதி. இத்தனைக் குறைகளுக்கிடையிலும் அத்தட்டுகளைப் பொறுமையோடு கேட்போர்க்கு, இரைச்சலுக்கு அப்பால் ஒரு மெல்லிய தந்தியொலி தன் வழியே நடந்து செல்வது புலப்படும். முதன்முறை கேட்கையில் ஒன்றும் விளங்காது; பலமுறை கேட்டபின் பிற வாசிப்புகள் நமக்கு ஆரவாரமாய்த் தோன்றத் தொடங்கும். சுவை வளர்தல் என்பது இதுவே.

1938-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அம்மையார் மறைந்தார். அப்பொழுது அவர்க்கு வயது 71.

வழித்தோன்றல்கள்

மரம் விழுந்தாலும் விழுதுகள் நின்றன. காமாட்சியின் புதல்வியராகிய பிருந்தா (1912–1996), முக்தா (1914–2007) இருவரும் பாட்டியின் பாடங்களைப் பெற்றதோடு காஞ்சிபுரம் நாயனாப்பிள்ளையிடமும் பயின்று, இணையாகப் பாடிப் புகழெய்தினர். பிருந்தாவிடம் பதம் கற்ற பாடகர் பலர். இராமநாதபுரம் கிருஷ்ணன் அவருள் ஒருவர். 1976-ஆம் ஆண்டிற் பிருந்தாவுக்குச் சங்கீத கலாநிதி என்னும் பட்டம் வழங்கப்பெற்றது.

ஜயம்மாளின் புதல்வி பாலசரசுவதி (1918–1984) உலகறிந்த ஆடற்செல்வி. 1925-ஆம் ஆண்டிற் காஞ்சிபுரத்தில் அரங்கேறிய அவர், நட்டுவனார் கந்தப்ப பிள்ளையின் மாணவி. ஆடலைப் பலரும் பழித்த காலத்தில் அச்சிறுமி ஆடத் தொடங்கினார். அவர் ஆடுகையிற் பதத்தின் ஒவ்வொரு சொல்லும் முகத்தில் விளங்குவதற்குக் காரணம், அப்பதங்களைப் பாட்டியின் வீணையிற் கேட்டு வளர்ந்த செவியே எனலாம். அவர்க்கும் 1973-ஆம் ஆண்டிற் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது; ஆடற்கலைஞர் ஒருவர்க்கு அப்பட்டம் கிடைத்தல் அரிதினும் அரிது. சத்யஜித் ரே அவரைப் பற்றி 1976-ஆம் ஆண்டில் ஒரு திரைப்படம் எடுத்தார். பாலசரசுவதியின் இளவல்களாகிய மிருதங்க வித்துவான் ரங்கநாதனும் (1925–1987) புல்லாங்குழல் வித்துவான் விசுவநாதனும் (1927–2002) அமெரிக்க நாட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற் பல்லாண்டு இசை பயிற்றினர். ஜார்ஜ் டவுனின் சிற்றறையில் ஒலித்த இசை இங்ஙனம் கடல் கடந்தது.

2010-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தனம்மாளின் உருவம் தாங்கிய அஞ்சல்தலையை வெளியிட்டது.

நமக்குரிய கடமை

நிற்க. இவ்வரலாற்றை நம் சங்கத்து இதழில் எழுதுதற்குத் தனிப்பட்டதொரு காரணமும் உண்டு.

இன்று இசை வேளாளர் எனப் பெயர் பூண்டுள்ள நம் குலத்தார், நாகசுரம் வாசித்த பாட்டனாரைப் பெருமையோடு நினைவுகூர்கின்றனர். கூடத்தில் அவர் உருவப்படம் மாலையிட்டுத் தொங்குகின்றது. ஆனால் பாடிய பாட்டியின் படமும், வீணை மீட்டிய கொள்ளுப்பாட்டியின் படமும் எத்தனை வீடுகளிற் கூடத்தில் உள்ளன? பல இல்லங்களில் அவை பெட்டியின் அடியிற் கிடக்கின்றன. சில இல்லங்களில் அவையும் இல்லை. திருமணப் பேச்சின்போது அப்பாட்டியின் பெயர் எழுந்துவிடுமோ என அஞ்சுவோரும் உளர். அவ்வச்சத்தின் காரணம் யாவரும் அறிந்ததே.

பெண்மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம், காலப்போக்கில் அவரைச் செல்வரின் விருப்பத்துக்கு அடிமையாக்கிற்று. அவ்வழக்கம் ஒழியவேண்டியதே, 1947-ஆம் ஆண்டின் சட்டத்தால் அது சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. அதற்காகப் பாடுபட்டோருள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் தலைசிறந்தவர். முன்னவரின் தாயார் நம் குலத்தவர். பின்னவர் அவ்வழக்கத்தின் துன்பத்தைத் தம் வாழ்விலேயே கண்டவர். அவர்க்கு நாம் என்றும் கடப்பாடுடையோம். ஆனால் களையைப் பறிக்கும்போது அதனருகில் நின்ற நெற்பயிரையும் சேர்த்துப் பறித்துவிட்டோமோ என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் பெண்மக்கள் பாடினால் உலகம் பழிக்கும் என்று அஞ்சிப் பல இல்லங்களில் வீணையை உறையிலிட்டு மூலையிற் சார்த்திவிட்டனர். அதே பாட்டையும் அதே ஆட்டத்தையும் பிற குலத்துப் பெண்கள் கற்று மேடையேறிப் புகழ்பெற்றனர். அவர் கற்றது தவறன்று. கலை எவர்க்கும் பொது. நம் பாட்டியரின் பெயரை நாமே மறைத்ததுதான் வருந்தத்தக்கது.

தனம்மாளின் வரலாறு இவ்வகையில் நமக்கு ஒரு விளக்கு. அவர் வாழ்ந்த காலம் அவ்விழிசொற்கள் மிகுந்திருந்த காலம். எனினும் அவர் தம் பிறப்பை மறைத்தாரல்லர். தம் கலையைத் தாழ்த்தினாருமல்லர். எவர் பழித்தாலும் தம் அறையில் தம் வீணையோடு நிமிர்ந்து அமர்ந்திருந்தார். அவரைப் பழித்திருக்கக்கூடிய உலகமே வெள்ளிக்கிழமைதோறும் அவர் வாயிலில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே அமர்ந்தது. தியாகராச சுவாமிகளின் சமாதியைத் திருவையாற்றிற் கோயிலாக எடுப்பித்த பெங்களூர் நாகரத்தினம்மாளும், தம் குரலால் அயல்நாட்டாரையும் ஈர்த்த கோயம்புத்தூர்த் தாயியும், மகளுக்கு முதற்குருவாய் விளங்கிய மதுரைச் சண்முகவடிவும் இம்மரபிலேயே நிற்பவர். இன்று கருநாடக இசை எனப் போற்றப்படுவதன் பெரும்பகுதியைத் தாய்வழியாகவும் பாட்டிவழியாகவும் காத்தளித்தவர் இவரனையர்.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தத்தம் இல்லத்தில் முதியோர் இருக்கும்போதே அவரை அணுகிக் குடும்பத்திற் பாடிய பெண்டிரின் பெயர்களைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்க. அவர் நினைவில் அரைகுறையாகவேனும் ஒரு பதமோ தாலாட்டோ மங்களமோ இருப்பின் அதனைப் பாடச் செய்து பதிவுசெய்து வைக்க. அக்கருவி இக்காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. பெட்டியிற் கிடக்கும் படத்தைத் துடைத்துக் கூடத்தில் மாட்டுக. நம் சிறுமியர்க்கு வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு நாழிகை, பிற ஒலிகளையெல்லாம் நிறுத்தி, தனம்மாளின் இசைத்தட்டுப் பதிவையோ பிருந்தா முக்தா பாடிய பதத்தையோ கேட்கச் செய்க. முதல் வாரம் அவர் சலிப்படைவர். இரண்டாம் வாரமும் சலிப்படையலாம். பின்னொரு நாள், யாரும் ஏவாமலே, அவருள் ஒரு சிறுமி ஒரு பிடியை முணுமுணுக்கக் கேட்பீர்கள். அன்று நம் குலத்து விதைநெல் மீண்டும் முளைவிட்டது எனக் கொள்ளலாம்.

வீணை தனம்மாளின் நல்லிசை நின்று நிலவுக! அவர் வழியில் நம் குலமகளிர் தலைநிமிர்ந்து பாடுக!